ஓநாயும் முட்டைகளும்

சென்ற ஆண்டு மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர், ரொறன்ரோவில் வாழும் என் பழைய மாணவன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். சுகம் விசாரித்து முடிந்ததும், "சேர், உங்களிட்ட ஒரு உதவி. கிளிவெட்டியில ஒரு வீட்டில மஞ்சள் நிறத்தில பழைய யப்பான் விளையாட்டுப் பெட்டி ஒண்டு இருக்காம். அசலோ போலியோ எண்டு நீங்கள்தான் பாத்துச் சொல்லவேணும்" என்றான்.

பரீட்சை விடைத்தாள்களில் அசல் எது, பார்த்தெழுதியது எது என்று கண்டுபிடிப்பதிலேயே ஆயுளைக் கழித்தவன் நான். விளையாட்டுப் பெட்டிக்கும் எனக்கும் என்ன உறவு? சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

அவன் தேடுவது என்னவென்று அன்றிரவே விளக்கினான். யப்பானிய நின்டென்டோ கொம்பனி 1980ஆம் ஆண்டில் 'கேம் அன்ட் வாட்ச்' என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதனைப் படைத்தவர் குன்பெய் யொகொய். புகைவண்டியில் சலிப்புற்ற ஓர் உத்தியோகத்தர் கணக்கிடும் கருவியின் பொத்தான்களை வெறுமனே அமுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டபோது அவருக்கு இந்த எண்ணம் உதித்ததாகச் சொல்வார்கள். அவருடைய கொள்கை எனக்குப் பிடித்துப்போயிற்று: புத்தம் புதிய விலையுயர்ந்த தொழில்நுட்பத்தை நாடாமல், எல்லோருக்கும் பழகி, விலை விழுந்துபோன ஒன்றையே எடுத்துப் புதிய வழியில் பயன்படுத்துவது. கணக்கிடும் கருவிகளுக்கென மலிவாகச் செய்யப்பட்ட சில்லும் திரவப் பளிங்குத் திரையும் அவ்விதம் விளையாட்டாயின. அத்திரையில் உருவங்கள் உண்மையில் நகர்வதில்லை; ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி வடிவம் முன்கூட்டியே பதிக்கப்பட்டிருக்கும், ஒன்று மறைய மற்றொன்று தோன்றும். அசைவது நம் கண்ணின் மயக்கமே.

நிற்க. 1987இல் அக்கொம்பனி ஓட்டக்கார் விளையாட்டுப் போட்டியொன்றை நடத்தி, வென்றவர்களுக்குப் பரிசளிப்பதற்கென்றே மஞ்சள் உடல் கொண்ட கருவி ஒன்றைச் செய்தது. மாரியோ என்னும் குழாய்த் தொழிலாளி அதன் நாயகன். ஒய்.எம். 901 எஸ் என்பது அதன் இலக்கம். மொத்தம் 10,000தான், கடைகளில் ஒருபோதும் விற்கப்படவில்லை. அதனால்தான் உலகெங்குமுள்ள சேகரிப்பாளர் அதற்கு அலைகிறார்கள். அலைபவர் மிகுந்தால் ஏமாற்றுபவரும் மிகுவர். கேம் போய் என்ற பிற்காலக் கருவிக்குரிய விளையாட்டுப் பொதிகளிற் போலிகள் மலிந்துவிட்டனவாம். அசற் கருவியின் முதுகில் மூன்று சிறகுடைய திருகாணி இருக்கும்; அசற் பொதியின் ஒட்டுச்சீட்டில் அமுக்கிப் பதித்த இரண்டு இலக்கங்கள் தெரியும்; உள்ளேயுள்ள பலகையில் கொம்பனியின் பெயர் இருக்கும். அவன் அனுப்பிய படங்களை ஒரு கிழமை பாடமாய்ப் படித்தேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூரக் கோபம். பண்டங்களைத் தெய்வமாக்கும் சமூகத்தைப் பற்றி இவனுக்கு வகுப்பிற் சொல்லிக்கொடுத்தவன் நான். இன்று அவன் ஒரு பண்டகசாலையில் இரவு முழுவதும் பெட்டி தூக்கி உழைத்த கூலியைப் பழைய பொம்மைக்குக் கொட்டுகிறான்! இதை ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "சேர், எங்கட வயசில எங்களுக்கு விளையாட ஒண்டும் இருக்கேல்ல. முகாமில பால்மா ரின்னில சில்லுப் பூட்டி உருட்டினதுதான்" என்றான். அதன் பின்னர் நான் இதுபற்றி அவனிடம் விரிவுரை செய்யவில்லை.

அந்த வீடு என் வீட்டிலிருந்து இரண்டு வயல் தாண்டி, வாய்க்காற் கரையோரம் இருந்தது. அங்கு வாழும் பெண் சம்பூரைச் சேர்ந்தவள். 2006இல் சம்பூரிலிருந்து சனங்கள் குண்டுகளுக்கு அஞ்சி ஓடியபோது வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பின்னர் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமுக்கு வந்து சேர்ந்தவர்களுள் அவளும் ஒருத்தி. தகரக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக அவர்கள் வெந்ததை நாங்கள் அன்றாடம் பார்த்தோம். சொந்தக் காணியோ, முதலில் பாதுகாப்பு வலயம் என்றும் பிறகு முதலீட்டுக்கான நிலம் என்றும் வேலிக்குள் போயிற்று. 2015இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016 பங்குனியில் மீண்டது. பலர் திரும்பிப் போயினர். இவளோ மகளை இங்கே மணம் முடித்துக் கொடுத்திருந்தமையால் தங்கிவிட்டாள்.

"வாங்கோ மாஸ்டர். அந்தப் பெட்டியைப் பாக்கத்தானே? மருமகன்தான் ஆருக்கோ சொல்லிப்போட்டார்" என்று சொல்லிப் பாய் விரித்தாள். அடுக்களைப் பரணிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து, அதற்குள்ளிருந்த சேலைத் துண்டை அவிழ்த்தாள்.

மஞ்சள்தான். ஆனால் அது தொழிற்சாலை பூசிய மஞ்சளன்று. வெள்ளைப் பிளாஸ்டிக் அடுப்புப் புகையில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து ஏறிய மஞ்சள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகப்பைப் பார்த்தேன். நின்டென்டோ என்ற பெயரைக் காணோம். அங்கே இருந்தவை ருசிய எழுத்துக்கள். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்களோடு வளர்ந்த எங்கள் தலைமுறையில் சிலர் அந்த எழுத்துக்களையும் ஆசையாற் கற்றுக்கொண்டோம். எழுத்துக் கூட்டினேன்: எலெக்த்ரோனிகா. திரையின் நடுவே கூடை ஏந்திய ஓநாய். இருபுறமும் கோழிகள் இருக்கும் நான்கு சரிவுகள். மேல் மூலையில் ஒரு முயல்.

அன்றிரவே படங்களை அனுப்பினேன். மாணவன் உடனே அழைத்தான். ஏமாற்றத்தை எதிர்பார்த்திருந்த எனக்கு அவனுடைய சிரிப்புத்தான் கேட்டது. "சேர், இது கொப்பி. ஆனா அசல் கொப்பி!"

நின்டென்டோ 1981இல் 'எக்' என்ற பெயரில், ஓநாய் ஒன்று கோழிகளின் முட்டைகளைக் கூடையில் ஏந்தும் விளையாட்டை வெளியிட்டது. சோவியத் தொழிற்சாலைகள் அதனை அப்படியே பார்த்து 1984 முதல் செய்தன. 'பொறு, வருகிறேன்!' என்ற பொருள்படும் பெயருடைய, 1969இல் தொடங்கிய, சோவியத் குழந்தைகள் உயிரென நேசித்த கேலிச்சித்திரப் படத்தின் ஓநாயையும் முயலையும் அதற்குள் புகுத்தினர். விலை 25 ரூபிள். ஆயிரம் புள்ளி எடுப்பவனுக்கு அத்திரையிலேயே முழுப் படமும் ஓடும் என்று மாஸ்கோச் சிறுவர்கள் நம்பினார்களாம். 999க்குப் பின் எண் வெறும் பூச்சியத்துக்குத் திரும்பியது என்பதே உண்மை.

எனக்குச் சிறிது வெட்கம் என்பதை ஒளிப்பானேன்? சமதர்ம நாட்டின் விஞ்ஞானம் யப்பானிய முதலாளியின் பொம்மையைப் பார்த்தெழுதியதா? விடைத்தாளில் இப்படிச் செய்தவனை நான் வெளியே நிறுத்தியிருப்பேன். என் முகவாட்டத்தைக் குரலிலேயே உணர்ந்துகொண்டான் போலும், மாணவன் ஆறுதல் சொன்னான்: அதே 1984இல், அதே எலெக்த்ரோனிகா என்ற பெயர் தாங்கிய கணினியில்தான், மாஸ்கோ விஞ்ஞானக் கழகத்து அலெக்சேய் பஜித்னோவ் 'டெட்ரிஸ்' விளையாட்டை ஆக்கினார். ஐந்தாண்டு கழித்துக் கேம் போய் உலகை வென்றதற்கு அந்த ருசிய விளையாட்டே பெருங்காரணம். வளைகுடாப் போரிற் குண்டுவீச்சில் கருகிய கேம் போய் ஒன்று நெடுங்காலம் நியூயோர்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. மேலுறை உருகியும் அதன் திரையில் அந்த விளையாட்டு ஓடிக்கொண்டேயிருந்ததாம். கடன் வாங்கியவனும் கொடுத்தவனும் யாரென்று கணக்குப் பார்ப்பது அத்தனை எளிதன்று.

இந்தக் கருவி இலட்சக்கணக்கில் செய்யப்பட்டது. பெரிய விலை பெறாது. ஆயினும் பெட்டியும் கடவுச்சீட்டும் இருந்தால் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். "கடவுச்சீட்டா?" என்றேன். சோவியத் நாட்டில் விற்ற பொறிகளோடு சிறு கைந்நூல் ஒன்று வரும். அதன் பெயரே அதுதான். தொழிற்சாலையின் முத்திரை, விற்ற கடையின் முத்திரை, விற்ற நாள் யாவும் அதிலே பதிந்திருக்கும். சேகரிப்பாளருக்கு அதைவிடச் சிறந்த சான்றில்லை.

மறுநாள் கேட்டபோது, அவள் தயங்கித் தயங்கி அதே பையின் அடியிலிருந்து நான்காய் மடித்த தாளுறைக்குள் அதனை எடுத்துத் தந்தாள். கடையின் ஊதா முத்திரை மங்கியிருந்தாலும் 1986 என்ற ஆண்டு தெளிவாகத் தெரிந்தது. அட்டையின் உட்புறத்தில் நீல மையால் ஒரு வரி: "தங்கச்சிக்கு. அழாமல் விளையாடு."

அந்த 'ழ'வைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. அதன் வால் கீழே இறங்கி, அடுத்த எழுத்தின் அடிவரை ஓடி, கொளுக்கிபோல் மேலே மடங்கும். 1979இலும் 1980இலும் எத்தனை கொப்பிகளில் அந்த வாலைச் சிவப்பு மையால் வெட்டியிருக்கிறேன்!

"இவன்... உன்ர அண்ணனோ பிள்ளை?"

"ஓம் மாஸ்டர். உங்களிட்டப் படிச்சவர்தான்."

புலமைப்பரிசில் பெற்று, பத்ரிஸ் லுமும்பாவின் பெயர் தாங்கிய மாஸ்கோ மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் கற்கச் சென்றவன். விடுமுறைக்கு வந்தபோது பத்து வயதுத் தங்கைக்கு இதைக் கொண்டுவந்தான். 1989இல் பட்டத்தோடு திரும்பினான். 1990 ஆனியில் யுத்தம் மீண்டும் மூண்டது. ஆடியில் ஒரு நாள் வேலைக்கென்று சைக்கிளிற் போனவன் திரும்பவில்லை.

பட்டச் சான்றிதழ், பயணக் கடவுச்சீட்டு, படங்கள் எல்லாம் வீட்டோடு எரிந்தன. தாய் இருந்தவரை ஆணைக்குழு ஆணைக்குழுவாக ஏறினாள். பின்னர் மகள் ஏறினாள். அண்மையில் ஓர் அலுவலகத்தில், அப்படி ஒருவர் இருந்தார் என்பதற்கும் வெளிநாட்டிற் படித்தார் என்பதற்கும் எழுத்திலே என்ன அத்தாட்சி உண்டு என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் மரியாதையாகத்தான் கேட்டாராம்.

"அதுக்குத்தான் மாஸ்டர் உங்களை வரச் சொன்னது. பெட்டி விக்கிறதுக்கில்ல. இதைக் காட்டினா ஏத்துக்கொள்ளுவினமோ?"

எனக்கு வாய் வரவில்லை. பொம்மையிடம் கடவுச்சீட்டு இருக்கிறது; எந்தத் தொழிற்சாலையிற் பிறந்தது, எந்த நாள் எந்தக் கடையில் கைமாறியது என்றெல்லாம் முத்திரை இருக்கிறது. ரொறன்ரோவில் இருப்பவன் படத்தைப் பார்த்தே அசல் என்று உறுதிசெய்துவிட்டான். அதைக் கையிலேந்தி வந்தவனுக்கோ ஒரு துண்டுத் தாளில்லை.

மூன்று நாள் இருந்து எழுதினேன். நான் இன்ன ஆண்டுகளில் இன்ன பாடசாலையில் ஆசிரியன். இன்ன மாணவனுக்கு இரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்தேன். இணைக்கப்பட்ட கைந்நூற் பிரதியிலுள்ள கையெழுத்து அவனுடையதே. 'ழ'கரத்தின் வால் இவ்வாறு அமையும் — ஓரத்தில் அதை வரைந்தும் காட்டினேன். ருசிய முத்திரைகளை மொழிபெயர்த்து, ஆண்டையும் குறித்தேன். மாணவனும், இக்கருவி 1984க்குப் பிற்பட்ட சோவியத் உற்பத்தி, அந்நாளில் இலங்கையின் கடைகளில் இத்தகையதைத் தான் அறிந்ததில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, தன் சேகரிப்பின் விவரத்தையும் இணைத்து அனுப்பினான். அதைப் படித்தபோது என்னிடம் படித்தவன் எழுதியதென்று பெருமையாகவே இருந்தது, இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தபோதிலும்.

கோவையைக் கையேற்ற அலுவலர் பிரதிகளை எண்ணினார். அசற் கைந்நூலை ஒப்படைக்க வேண்டுமா என்று நான் கேட்டேன். தேவைப்பட்டால் அறிவிப்போம் என்றார். அவள் அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். இன்றுவரை அறிவித்தல் வரவில்லை.

மஞ்சள் மாரியோவைத் தேடுவதை மாணவன் விடவில்லை. சென்ற மாதம் அவன் தபாலில் இரண்டு சிறு பற்றறிகள் அனுப்பியிருந்தான். பழையவை கக்கிய பச்சைக் களிம்பைப் புளித்தண்ணீர் தொட்ட துணியால் துடைத்துப் புதியவற்றைப் போட்டோம். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓநாய் தோன்றிற்று. அவளுடைய பேரன் கருவியைப் பறித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தான். முதல் ஆட்டத்தில் பதினொரு முட்டை பிடித்தான்.

"அண்ணன் முந்நூறு பிடிச்சவர்" என்றாள் அவள், அடுக்களையிலிருந்து.