கூடாரம் கொறங்காட்டிலேயே அடிக்கட்டும்

மங்கோலியாவிலும் கிர்கிஸ்தானிலும் அமெரிக்காவின் ராக்கி மலைகளிலும் நாள்கணக்கில் குதிரையேறிப் போய், இரவில் கூடாரமடித்துத் தங்கும் பயணம் ஒரு தொழிலாகவே நடக்கிறது. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் குதிரை பிடித்து வந்து வளர்ப்பவர்கள் கொங்கு நாட்டிலும் உண்டு. பனியன் தொழிலில் காசு பார்த்தவர்களுக்குத் தெற்கே நிற்கும் ஆனைமலையைப் பார்த்ததும் அதே ஆசை வந்தால் அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பயணத்துக்குரிய இடம் மலையல்ல. அமராவதி இறங்கி வந்து ஓடும் தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் கொறங்காடு என்று சொல்லும் வேலியடைத்த மேய்ச்சல் நிலம்தான். ஆற்றோடு கூடவே தலையிலிருந்து கடைசிவரை போய்ப் பார்த்தால் காரணம் விளங்கும்.

ஆனைமுடிச் சரிவில் பிறக்கும் பாம்பாறு, கேரளத்திலிருந்து கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்று. மறையூர்ப் பக்கமாக வந்து, தூவானத்தில் அருவியாக விழுந்து, கூட்டாற்றில் சின்னாற்றோடு கலந்து அமராவதியாகிறது. இது மழைமறைவுப் பள்ளத்தாக்கு. மங்கோலியாவின் புல்வெளி இங்கே இல்லை, பெரும்பாலும் முட்காடுதான். குதிரையோடு தங்குவதென்றால் முதலில் தீவனக் கணக்குப் போட வேண்டும். 400 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்குச் சுமார் 8 கிலோ காய்ந்த தீவனம் தின்னும், 30 லிட்டர் தண்ணீராவது குடிக்கும். பத்துக் குதிரை, ஐந்து நாள் என்றால் 400 கிலோ தீவனம். பொதிக்குதிரை ஒன்று 80 கிலோ சுமந்தால் தீவனத்துக்கு மட்டும் ஐந்து குதிரை வேண்டும். அந்த ஐந்தும் தின்ன இன்னொரு 200 கிலோ, அதைச் சுமக்க மேலும் மூன்று. கூடாரமும் அரிசி பருப்பும் இன்னும் கணக்கில் வரவேயில்லை. இவ்வளவையும் சுமக்காமல் காட்டில் மேயவிட்டால், அது காட்டுமாட்டுக்கும் கடமானுக்கும் உரிய புல். கால்நடைச் சாணத்தோடு சீமைக்கருவேல விதை பரவுவதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். அமெரிக்கக் காடுகள் பலவற்றில் களைவிதை கலக்காதது என்று சான்று பெற்ற தீவனத்தை மட்டுமே குதிரைக்குக் கொண்டுபோகலாம். நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், சரணாலயத்திலிருந்து 5 கி.மீ. சுற்றளவில் உள்ள கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடச் சொல்கிறது. காட்டு விலங்குக்கும் வீட்டு விலங்குக்கும் இடையே நோய் தாவும் என்ற அச்சத்தில் பிறந்த விதி அது.

இந்தக் காட்டுக்குள்ளேயே தளிஞ்சியிலும் மஞ்சம்பட்டியிலும் மக்கள் வாழவில்லையா, கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகெவிக்குக் குதிரைதானே சாமான் சுமக்கிறது என்று கேட்கலாம். அவை பிழைப்புக்கானவை. 2006 வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்கு உறுதிசெய்த உரிமையைப் பொழுதுபோக்குக்கு வருபவர் கடன் கேட்க முடியாது. மலையைப் பார்க்க விரும்புவோருக்கு வழி அடைக்கப்படவும் இல்லை. 2018-இல் குரங்கணித் தீ 23 உயிர்களைக் கொண்டுபோன பின் மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது. 2024-இல் தமிழக அரசு திறந்த நாற்பது பாதைகளில் சின்னாறு சோதனைச்சாவடி – கூட்டாறு பாதையும் ஒன்று. உள்ளூர் வழிகாட்டியோடு பகலில் நடந்துபோய்த் திரும்பலாம். புலிகள் காப்பகமான இந்தக் காட்டுக்கு அந்த அளவு போதும். இரவில் அங்கே குதிரையைக் கட்டிப்போடுவது சிறுத்தையைக் கூப்பிடுவதாகும்.

1957-இல் கட்டிய அமராவதி அணையைத் தாண்டினால் கல்லாபுரம், கொழுமம், மடத்துக்குளம் என்று நெல்லும் கரும்புமாக ஈர வயல். அங்கும் குதிரைக்கு வேலையில்லை. தாராபுரத்துக்குப் பிறகுதான் நிலம் மாறுகிறது. மூலனூர், கன்னிவாடி, காங்கேயம் பக்கமெல்லாம் மானாவாரி மேய்ச்சல் நிலம். நாலைந்து ஏக்கருக்கு ஒரு கிலுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல். காங்கேயம் மாடும் செம்மறியும் இந்தப் புல்லில்தான் வளர்ந்தன. ஒரு காட்டில் மேய்த்து மறுகாட்டை ஆறப்போடுவது இங்கே பழைய வழக்கம். உயிர்வேலி இருப்பதால் குதிரையைக் கயிற்றில் கட்ட வேண்டியதில்லை. படலைச் சாத்தினால் போதும். கொள்ளும் சோளத்தட்டும் பக்கத்திலேயே விளைகின்றன, பொதி சுமக்க வேண்டாம். இந்த நிலத்துக்குத்தான் இன்று வருமானம் வேண்டும். ஆள்களைத் திருப்பூர்க் கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு போகிறது. மாடு குறைய, காடு மனையாகவும் சோலார் பண்ணையாகவும் விலைபோகிறது. ஓர் இரவுக் கூடாரத்துக்குக் கிடைக்கும் வாடகை காட்டைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. புல்லாகவே வைத்திருப்பதற்கு இன்னுமொரு காரணமாக அது இருக்கும்.

வெயில் என்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் மார்கழியும் தையும் இங்கே குளிர்ந்த மாதங்கள், புல்லும் நிற்கும். குதிரை மாட்டைவிட ஒட்டக் கடித்து மேயும் என்பது இதைவிடக் கனமான தடை. அதற்குக் காட்டுக்காரரின் பழைய முறையே விடை: ஒரு காட்டில் ஓரிரவுக்கு மேல் தங்கக் கூடாது, தீவனத்தில் பாதியாவது தட்டாகப் போட வேண்டும். மலை இல்லையே என்ற குறைக்கு என்னிடம் மருந்தில்லை. தெற்கே மலை தெரியும், அவ்வளவுதான்.

சின்னதாராபுரம் தாண்டி ஆறு கரூரை அடைகிறது. ரோமானிய நாணயங்களும் சேரர் காசுகளும் கிடைத்த அதே ஆற்றுப்படுகை சாயக்கழிவையும் மணல் கொள்ளையையும் கண்டது. கூடாரத்துக்கு அது இடமல்ல. சின்னதாராபுரத்தோடு பயணத்தை முடித்துக்கொள்ளலாம். ஆறு மட்டும் மேற்கொண்டு போய்த் திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கட்டும். குதிரை வைத்திருப்பவர்களே, கல்லாபுரத்துக்கு மேலே அதை ஏற்ற வேண்டாம். மூலனூர்ப் பக்கம் ஒரு கொறங்காட்டுக்காரரிடம் பேசி, புல்லுக்கும் தண்ணீருக்கும் உரிய வாடகையை முன்கூட்டியே கொடுத்துவிட்டுக் கூடாரம் அடியுங்கள்.