கரண்ட் போறதுக்குள்ள

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஆனாலும் அதற்கு அட்டவணை இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு புகுந்து நாடே இருண்டதே, அதற்கு யார் அட்டவணை போட்டது? நாவலப்பிட்டியில் ஏப்ரல் மாதத்துப் பின்னேர இடியும் அப்படித்தான்.

நான் பார்த்துக்கொள்கிற சேர்வர் டவுனில் ஒரு பலசரக்குக் கடையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கிறது. அதில் இருப்பது தோட்டத்து ஆட்களின் கடன் கணக்கு. 10ஆம் திகதி சம்பளம் வந்ததும் கட்டுவார்கள். கட்டினது பதியாமல் போனால், "போன மாசமே குடுத்துட்டேனே" என்று ஓர் அக்கா கவுண்டரில் நின்று வாதாடணும். கொப்பி காலத்தில் அவங்க கையிலும் ஒரு கொப்பி இருந்தது. இப்போ இல்லை.

யூ.பி.எஸ். 10 நிமிடம் தாங்கும். அதற்குள் ஒரு ஸ்கிரிப்ட் தானாகவே டேட்டாபேஸை மூடணும். போஸ்ட்கிரெஸை மூட மூன்று வழி: ஸ்மார்ட், ஃபாஸ்ட், இமீடியட். பேரை நம்பி ஸ்மார்ட்டை எடுத்தால் தொலைந்தோம். எல்லாரும் தாங்களாக வெளியேறும்வரை அது மரியாதையாகக் காத்திருக்கும். கவுண்டர் கொம்பியூட்டருக்கு யூ.பி.எஸ். கிடையாது, அது செத்துப்போனதே சேர்வருக்கு உடனே தெரியாது. இல்லாத ஆளுக்காகக் காத்திருந்து பேட்டரி தீரும். ஃபாஸ்ட்தான் சரி: அரைகுறை வேலையை ரத்துசெய்து, இணைப்புகளை அறுத்து, மிச்சத்தை டிஸ்க்கில் எழுதிவிட்டு மூடும்.

இமீடியட் அப்படியே விழும். மறுபடி எழும்பும்போது தன் பதிவேட்டைப் பார்த்து மீட்டுக்கொள்ளும். அப்போ கரண்ட் போனாலும் பரவாயில்லையே என்பீங்க. டிஸ்க் நேர்மையாக இருந்தால் பரவாயில்லைதான். மலிவான சிலது எழுதாமலே எழுதிட்டேன் என்று சொல்லும்.

ஸ்கிரிப்டில் மூடும் கட்டளை ஒரே வரி. மற்றதெல்லாம் சந்தேகம். கட்டளை வழமையாக 60 விநாடி காத்திருந்து, மூடாவிட்டால் தோல்வி எண்ணைத் தரும். பல ஸ்கிரிப்ட்கள் அதைப் பார்க்காமலே மெஷினை நிறுத்திவிடும். என்னுடையது பார்க்கும், தோற்றால் இமீடியட்டைக் கொடுத்து, நடந்ததை ஒரு கோப்பில் எழுதிவைக்கும். கில் மைனஸ் நைன் கிட்டவே போகாது.

மாதம் ஒருமுறை கடை சாத்தின பிறகு யூ.பி.எஸ். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன். போன முறை 7 விநாடியில் மூடியது. காசு கட்டுகிறவங்களுக்கு ஒரு துண்டும் அடிச்சுக் குடுங்க என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். "பேப்பர் விலை தெரியுமா தம்பி?" என்கிறார்.