கட்டி இருக்கும் இடம்

பிப்ரவரி 3

கருப்பையின் தசைச்சுவரில் தோன்றி, ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களால் வளரும் ஃபைப்ராய்டு எனும் தசைநார்க் கட்டி புற்றாக இருப்பது மிக அரிது. அதன் அளவைவிட இருப்பிடமே தொல்லையைத் தீர்மானிக்கிறது: உட்சவ்வுக்கடியில் முளைத்துக் கருப்பைக் குழிக்குள் நீட்டி நிற்பது சுண்டைக்காய் அளவேயானாலும் உதிரப்போக்கை மிகுவிக்கலாம், வெளிப்புறச் சுவரில் இருப்பது பெரிதாக வளர்ந்தும் பேசாமல் கிடக்கலாம். முப்பதைத் தொடாத ஒரு பெண்ணின் ஸ்கேன் அறிக்கை முதல் வகையைக் காட்டுகிறது.

பிப்ரவரி 19

அவரது ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 9 கிராம்; பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இரும்பு மாத்திரை தொடங்கியாயிற்று. தேயிலையின் டானின் இரும்பைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது என்பதால், சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கடையில் தோசைக்குப் பின் வரும் ‘தே’யை மாத்திரை வேளையிலிருந்து தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. தேக்கா சந்தையின் முருங்கைக்கீரை நல்லதுதான். ஆனால் மாதந்தோறும் இவ்வளவு ரத்தம் போகும் உடலுக்குக் கீரை மட்டும் போதாது.

மார்ச் 11

தேக்காவிலிருந்து நடந்தே போகும் தொலைவிலுள்ள கேகே மகப்பேற்று மருத்துவமனையில், அது பழைய கட்டடத்தில் இயங்கிய 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. அந்தத் தலைமுறை உறவினர் வாயில் இன்றும் வரும் அறிவுரை, ஒரு பிள்ளை பெற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. பேறுகாலத்துக்குப் பின் சில கட்டிகள் சுருங்குவது உண்மையே. எனினும் குழிக்குள் நீட்டும் கட்டி கருத்தரிப்பதையே தடுக்கக்கூடும் என்பதால், இவ்வறிவுரை இவருக்குப் பொருந்தாது.

மார்ச் 27

டிரானெக்சாமிக் அமில மாத்திரை மாதவிடாய் நாள்களில் போக்கைக் குறைக்கும், கட்டியைக் கரைக்காது. ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனம் கருத்தரிப்பைத் தடுப்பதோடு, குழி வளைந்திருந்தால் நழுவியும் விழலாம். சினைப்பையை அடக்கும் ஊசி கட்டியைச் சுருக்கினாலும் எலும்பைத் தேய்ப்பதால் நெடுநாள் தனியே தரப்படுவதில்லை. நிறுத்தினால் கட்டி மீண்டும் வளரும். கட்டிக்குச் செல்லும் தமனியை அடைக்கும் முறை 1995இல் பாரிஸ் மருத்துவர்களால் வெளியிடப்பட்டது. பிள்ளை வேண்டுவோருக்கு அது பொதுவாக முதல் தேர்வாவதில்லை. கருப்பையையே அகற்றுவது மட்டுமே கட்டி திரும்பாது என உறுதி தரும், ஆனால் இவ்வயதில் அதைப் பேச்சில் முதலில் வைப்பது முறையன்று.

ஏப்ரல் 8

குழிக்குள் நீட்டும் கட்டியைக் கருப்பைவாய் வழியே செலுத்தும் அகநோக்கிக் கருவியால், வயிற்றைக் கீறாமல் சீவி எடுக்கலாம். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புவர். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்துடன் சென்றால் அரசு மருத்துவமனையில் மானியக் கட்டணம் கிடைக்கும்; அறுவைச் செலவின் ஒரு பகுதியை மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்பிலிருந்து எடுக்கலாம். ஹீமோகுளோபின் அளவு ஏறிய பின்பே நாள் குறிக்கப்படும்.