இண்டிகேட்டர் சத்தம்

போன வருட அடைமழையில், துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் இருநூறடிச் சாலையில், ஒரு குட்டியானை என் காரை இடித்தது. மூன்று வாரம் இந்த வாக்கியத்தை நான் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. இரவு எட்டு மணி. இடது பின்கதவு நசுங்கி, டெயில் லைட் உடைந்து, பம்பர் ஒரு பக்கம் தொங்கியது. குட்டியானைக்கு வலது ஹெட்லைட் போயிருந்தது. வண்டி முழுக்கத் தண்ணீர் கேன்கள்.

நம் ஊர் சாலையோர நீதிமன்றத்துக்கு இரண்டு சட்டங்கள்தான். பெரிய வண்டிமேல்தான் தப்பு. பின்னால் வந்து இடித்தவன்மேல்தான் தப்பு. காரும் குட்டியானையும் மோதிக்கொண்டால் இதில் எது பெரிய வண்டி என்று கூட்டத்துக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் இரண்டாவது சட்டம் அமலுக்கு வந்தது.

“திடீர்னு லெஃப்ட்ல வந்துட்டீங்க சார். ஹாரன் அடிச்சேனே” என்றார் டிரைவர். ஐம்பது வயது இருக்கும்.

“கேப் விட்டு வரணும்ணே” என்றேன். குரலில் எவ்வளவு நிதானம்! அலுவலகத்தில் பக் என்னுடைய மாட்யூலில் இல்லை என்று நிரூபிக்கும்போது வரும் அதே நிதானம்.

போக்குவரத்துக் காவலர் வந்தார். “பேசி முடிச்சுக்கறீங்களா, இல்ல ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வர்றீங்களா?” என்றார். ஸ்டேஷன் என்றால் எனக்கு ஒரு நாள் லீவு. அவருக்கு ஒரு நாள் வாடகை. அவர் ஓரமாகப் போய் யாருக்கோ போன் செய்து ஆயிரம் ரூபாய் அனுப்பச் சொல்லிக் கேட்டார். அது வந்ததும் மூவாயிரமாக எனக்கு ஜிபே செய்தார். செல்போனில் ‘டிங்’ என்றது. கூட்டம் கலைந்தது.

இன்சூரன்ஸ் கிளைம் படிவத்தில் ‘விபத்து எப்படி நடந்தது’ என்று கேட்டு, எழுத நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். தனித்தாள் இணைத்து, படம் வரைந்து, அம்புக்குறி போட்டு எழுதினேன். ஒர்க் ஷாப்புக்கு வந்த சர்வேயரிடமும் அதையே விளக்கினேன். டெயில் லைட்டைப் படம் எடுத்தபடி அவர் சொன்னார்: “அதெல்லாம் வேணாம் சார். ஓட்டினது யாரு, லைசென்ஸ் இருக்கா, குடிச்சிருந்தீங்களா, அவ்வளவுதான்.”

அப்போதுதான் புரிந்தது. சொந்தச் சேதத்துக்கான பாலிசியில் தப்பு யார்மேல் என்பது கேள்வியே இல்லை. நானே போய்ச் சுவரில் முட்டியிருந்தாலும் பணம் தருவார்கள். பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி கழிப்பார்கள், கட்டாயப் பிடித்தம் என்று 1,000 ரூபாய் போகும், மூன்று வருடம் கிளைம் செய்யாமல் சேர்த்த 35 சதவீத நோ கிளைம் போனஸ் அடுத்த ரினீவலில் பூஜ்யமாகும். மீதி கைக்கு வரும். ஏற்கெனவே வாங்கிய மூவாயிரத்தை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. நானும் சொல்லவில்லை.

குட்டியானைக்கு இருந்தது தேர்ட் பார்ட்டி மட்டும்தான். அது அவர் ஹெட்லைட்டுக்கு உதவாது. தப்பு என்மேல் என்றால், என் பாலிசியின் தேர்ட் பார்ட்டி பகுதி அவருக்குத் தர வேண்டும். அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் வரைக்கும் அதில் இடமுண்டு. ஆனால் அதற்குப் போலீஸில் பதிவு செய்து, மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு ஹெட்லைட்டுக்காக யார் போவார்கள்? யார் தப்பு என்று உண்மையிலேயே விசாரிக்கிற இடம் அது ஒன்றுதான். அங்கே போக முடியாதவர்கள் ரோட்டோரத்திலேயே ஜிபே செய்துவிடுகிறார்கள்.

கார் சரியாகி வந்தது. டேஷ்கேம் மெமரி கார்டு நிரம்பிவிட்டதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை எச்சரிக்கை வர, அழிப்பதற்காக லேப்டாப்பில் போட்டேன். அந்தக் கேமரா பழைய பதிவுகள்மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். அதிர்வு வந்தால் மட்டும் அந்தத் துண்டைப் பூட்டி வைத்துக்கொள்ளும். அன்றைக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஜெயித்த ஆட்டத்துக்கு யார் ரீப்ளே கேட்பார்கள்?

முன்பக்கம் மட்டும் பார்க்கிற கேமரா. குட்டியானை அதில் தெரியவில்லை. வைப்பர் ஆடுகிறது. எஃப்எம் பாடுகிறது. ரோட்டின் வெள்ளைக் கோடு மெதுவாக வலதுபக்கமாக நகர்ந்து வண்டிக்கடியில் போகிறது. அதாவது, நான் இடப்பக்கம் போகிறேன். பின்னால் ஹாரன். மறுபடி ஹாரன். பிறகு மோதல். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நான்கைந்து முறை கேட்டேன். அந்த டிக் டிக் சத்தத்தைத் தேடினேன். அது இல்லவே இல்லை. நான் இண்டிகேட்டர் போடவில்லை.

அவருடைய நம்பர் ஜிபேயில் இருந்தது. இரண்டு நாள் கழித்து மூவாயிரத்தைத் திருப்பி அனுப்பினேன். ஹெட்லைட்டுக்கும் சேர்த்து அனுப்பலாம்தான். அனுப்பினால் ஏன் என்று கேட்பார்.

மறுநாள் காலை அவரே கூப்பிட்டார். “சார், காசு தப்பா வந்திருக்கு போல.”

வீடியோ பார்த்தேன் என்று சொல்வதற்காக இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன். “இல்லண்ணே, எனக்கு இன்சூரன்ஸ்ல வந்துருச்சு. அதான்” என்றது வாய்.

“அப்படியா? நல்ல கம்பெனி சார்” என்று சிரித்தார்.

“லைட் மாத்திட்டீங்களா?”

“புதுப்பேட்டைல பழசு ஒண்ணு வாங்கி மாட்டினேன். கொஞ்சம் மேல பாத்து எரியுது.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னணியில் கேன்கள் உருளும் சத்தம். “நானும் யோசிச்சுப் பாத்தேன் சார். இன்னும் கொஞ்சம் முன்னாடியே பிரேக் புடிச்சிருக்கணும்.”

“மழைண்ணே” என்றேன்.