போடி மெட்டுக்கு ஒரு ஜீப்

போடி மெட்டு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 17. அவற்றை எண்ணிக்கொண்டே போவது எனக்கு ஒரு வேடிக்கை. 2018 நவம்பர் 16-ல் கரையேறிய கஜா புயல் மேற்கே மலை வரை வந்து கொட்டிவிட்டுப் போன பிறகு அந்த வேடிக்கை போயே போயிற்று! பாதையெங்கும் சேறு, உருண்டு கிடந்த பாறைகள்.

ஜீப்பில் என்னோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள், கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்கள். வளைவுக்கு வளைவு நான் கீழே பள்ளத்தைப் பார்த்தேன். அவர்கள் மேலே பார்த்தார்கள்.

"பள்ளம் அங்கனயேதான் கிடக்கும், தாயி. வாரது மேலயிருந்துதான்" என்றாள் ஒரு கிழவி.

வாஸ்தவம்தான். மழை விட்டாலும், ஊறிக் கனத்த மண் வெயிலிலும் சரியும்.

"நாலு நாள் கழித்துப் போகக் கூடாதா, பாட்டி?"

"நாலு நாள் கூலியை நீ தாரியா?"

ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். வளைவுகளை எண்ண மறந்துபோயிற்று.