ஜூலை மாதத்து ஆட்டக்காரர்கள்

கல்லூரிக் கூடைப்பந்தில் எல்லோரும் தேசியப் போட்டி நடக்கும் மார்ச்சுக்குக் காத்திருப்பார்கள். எனக்கு ஜூலைதான். வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் மெக்டோனா அரங்கில் நடக்கும் கென்னர் கோடை லீக்கில்தான் கல்லூரி அணியில் புதிதாகச் சேரும் பையன்களை முதன்முதலாகப் பார்க்க முடியும். பின்னாளில் NBA நட்சத்திரமான ஆலன் ஐவர்சன் 1994 கோடையில் ஜார்ஜ்டவுன் ரசிகர்களுக்கு முதலில் ஆடிக் காட்டியதும் இங்கேதான்.

நான் பாயின்ட் கணக்கைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. கோடை லீக்கில் தடுப்பாட்டம் தளர்வாகத்தான் இருக்கும், யார் வேண்டுமானாலும் அடித்துக் குவிக்கலாம். இந்த வாரம் ஒரு பையனைப் பார்த்தேன். பள்ளி முடித்த கையோடு வந்திருக்கிறான், தோள் இன்னும் திரளவில்லை. வெளிநாட்டு லீக்கில் சம்பளத்துக்கு ஆடும் ஒருவர் இடுப்பால் ஒரே இடி இடித்து, அவன் தலைக்கு மேலேயே பந்தைப் போட்டார். அடுத்த முறை பையன் முழங்காலை மடக்கி, காலை அகட்டி, தாழ நின்றான். அவரால் ஓர் அடி நகர முடியவில்லை. ரீபவுண்டும் இவனுக்கே! கல்லூரிக் கோச் யாரும் பக்கத்தில் நின்று கத்தவில்லை, தானாகவே கண்டுகொண்டான்.

மூன்று பாயின்ட் ஷாட் இன்னும் வளையத்துக்கு முன்னாலேயே விழுகிறது. அதெல்லாம் பயிற்சியில் சரியாகிவிடும். முதல் வருடத்தில் எத்தனை நிமிடம் ஆடவிடுவார்களோ தெரியாது, எனக்கு இவன்மேல் பெரிய நம்பிக்கை.