மாப்பிள்ளை தூக்கிய கலவைச் சட்டி

உறவுக்காரர்களிடம் உதவி கேட்க எனக்கு எப்போதும் கூச்சம். கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு என்று அழைக்க எத்தனை வீட்டுப் படி வேண்டுமானாலும் ஏறிவிடுவேன். "வீட்டுச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, வந்து கூட நில்லுங்கள்" என்று கேட்க மட்டும் வாய் வராது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டைப் போன பொங்கலுக்கு முன் சீர் செய்தபோதுதான் அந்தக் கூச்சத்தை விட்டேன்.

வீடு தாத்தா கட்டியது. சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய செங்கல் சுவர். அந்த மாதிரிச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதைக் காற்றில் விட்டும்விடும். அப்பா காலத்தில், தெருவில் எல்லோரும் செய்ததைப் போல, இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் பூசிப் பெயிண்ட் அடித்தார்கள். அதன்பின் ஈரத்துக்கு வெளியே போக வழியில்லை. சிமெண்டைத் தாண்டி மேலே ஏறி, கூடவே உப்பையும் இழுத்துக்கொண்டு வந்து, பழைய காரையை உதிர்த்தது. கூடத்தில் பாய் விரித்துப் படுத்தால் விடியும்போது தலையணையில் வெள்ளைப் பொடி.

சிமெண்டைக் கொத்தி எடுப்பது, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து பூசுவது, அது காய்ந்ததும் வெள்ளையடிப்பது என்று முடிவானது. பூச்சுக்கு ஒரு கொத்தனாரைப் பேசினேன். சித்தாள் வேலை முழுக்க நாங்கள்தான். பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை. அதனால் குடும்பங்கள் மொத்தமாக வர முடிந்தது.

சிமெண்டைக் கலந்தால் இறுகுவதற்குள் பூசியாக வேண்டும், நிற்க நேரமில்லை. சுண்ணாம்பு அப்படி இல்லை. காற்றில் இருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்லத்தான் இறுகும். பேசிக்கொண்டே செய்யலாம், குழந்தை அழுதால் போய்த் தூக்கலாம். குடும்பம் சேர்ந்து செய்கிற வேலைக்கு இதைவிடத் தோதான பொருள் கிடையாது என்பேன்.

சுண்ணாம்பை நீற்றும் பதம் எங்களில் அத்தைக்குத்தான் தெரியும். அவரை அடுப்படியில் உட்கார வைத்துவிட்டால் அந்தப் பதம் யாருக்கும் கிடைக்காது. நம் வீடுகளில் பத்துப் பேர் கூடினாலே பெண்களின் பகல் முழுக்கச் சமையலில் போய்விடுகிறது. அதனால் மதியச் சாப்பாட்டை வெளியே சொல்லிவிட்டோம். காபி மட்டும் வீட்டில். கையில் வேலை இல்லாதவர் யாரோ அவர் போட வேண்டும்.

நீற்றும்போது பிள்ளைகள் எல்லோரும் தெருவாசலுக்கு அந்தப் பக்கம். சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் பட்டால் தொட்டியே கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. உடனே தண்ணீரை விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து மருத்துவரிடம் ஓட வேண்டும். பக்கத்தில் வாளிகளில் நல்ல தண்ணீர் நிறைத்து வைத்த பிறகே அத்தை கல்லைத் தொட்டியில் போட்டார். கதவு ஜன்னலைத் தேய்க்கும் வேலையையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.மைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் கதவில் இருப்பது அதற்கு வெகுகாலம் முந்தைய பெயிண்ட். அந்தத் தூசி பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பெரியவர்கள் மூக்கைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேய்த்தோம்.

பிள்ளைகளுக்குக் கொடுத்ததும் நிஜமான வேலைதான். மணல் சலிப்பது, பூசுவதற்கு முன் சுவரை நனைப்பது, பூசியது வெடிக்காமல் இருக்க வேளாவேளைக்குத் தண்ணீர் தெளிப்பது. ஒரு வேளை தப்பினாலும் கொத்தனார் அவர்களைத்தான் கேட்டார். அந்த மரியாதை அவர்களுக்குப் பிடித்திருந்தது.

தங்கை வீட்டுக்காரரைக் கூப்பிடத்தான் எனக்கு மிகவும் தயக்கம். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் அவர் ஒரு சொம்புத் தண்ணீர்கூடத் தானாக மொண்டு குடித்ததில்லை. விடமாட்டோம். வருவார், ஊஞ்சலில் உட்காருவார், முதல் பந்தியில் சாப்பிடுவார், கிளம்புவார். போனில் தயங்கித் தயங்கி, "மாப்ளே, ஆள் போதல" என்றேன். "எத்தனை மணிக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டார்.

துண்டைச் சும்மாடு கட்டி அவர் கலவைச் சட்டியைத் தூக்கியதும் அம்மா பதறிவிட்டார். "மாப்பிள்ளையப் போய்ச் சட்டி தூக்க விடுறியே, ஊர் என்னடா சொல்லும்?" நான் வாய் திறப்பதற்குள் அவரே, "இருக்கட்டும் அத்தை, பூச்சுக்காரர் காத்துக்கிட்டு இருக்காரு" என்று தாண்டிப் போனார். மதியம் உள்ளே வந்தார். பானைமேல் கவிழ்த்திருந்த சொம்பை எடுத்து, தானே மொண்டு, அண்ணாந்து குடித்தார். முழங்கையெல்லாம் சுண்ணாம்பு. அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார், எழுந்து ஓடவில்லை.

விசேஷத்துக்கு வருகிறவர்கள் விருந்தாளிகள். யார் வந்தார்கள், யார் எவ்வளவு எழுதினார்கள் என்று மொய் நோட்டு சொல்லும். நாமும் பதிலுக்கு எழுதுவோம். வேலைக்கு வந்தவர்களுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. கேட்டால் வருவார்கள் என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் இல்லை. கேட்டால் நான் தாழ்ந்துவிடுவேன் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. அது போய்விட்டது.

பொங்கல் நெருங்கியதும் வெள்ளையடிக்க மறுபடி கூடினோம். "மோர் பதத்துக்கு இருக்கணும். கெட்டியா அடிச்சா ஏடு ஏடா உரிஞ்சு வந்துடும்" என்று அத்தை வாளிக்குப் பக்கத்திலேயே நின்றார். நீலம் கொஞ்சம் கரைத்து ஊற்றினார். கல்லூரி படிக்கிற பையன்கள் மட்டையைப் பிடித்தார்கள். அடித்தவுடன் சுவர் வெறுமனே நனைந்ததுபோலத்தான் இருந்தது. "ஒண்ணுமே தெரியலயே" என்று பிள்ளைகளில் சின்னவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. சுண்ணாம்பு காயக் காயத்தான் வெளுக்கும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது கூடம் வெளேரென்று இருக்க, அவள் உள்ளே போய் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். திண்ணை ஓரக் காவிப் பட்டையை அவளும் மற்ற சிறுசுகளும்தான் அடித்தார்கள்.

ஓடு மாற்றுவது பாக்கி. ரீப்பர் சில இடங்களில் செல்லரித்திருக்கிறது. மேலே ஏறுவது தச்சரும் அவருடைய ஆட்களும் மட்டும்தான். இறக்கிய ஓட்டைக் கை மாற்றி வாங்கி அடுக்க, பாசியைத் தேய்த்துக் கழுவ எங்களுக்குக் கீழே வேலை இருக்கிறது. சித்திரையில் வைத்துக்கொள்ளலாமா, பள்ளி லீவு எப்போது என்று மாப்பிள்ளை போன் செய்து கேட்டார். தச்சரிடம் தேதி கேட்டிருக்கிறேன்.